இதயத்துக்குள் ரத்த ஓட்டத்தை அளப்பது: வாசகர் கேள்வி – பதில்

எக்கோ, எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டுகளில் வரும் எண்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. சோதனை செய்துகொண்டவர்கள், சோதனை எடுக்கும் டெக்னீஷியன்கள், மாணவர்கள் என எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் சில பதில்கள் சுருக்கமாகவும் சில பதில்கள் கணக்கோடும் இருக்கும்.

கேள்வி: எக்கோ என்றால் ஒலியை அனுப்பிப் படம் எடுப்பது என்று தெரியும். ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: நெஞ்சில் வைக்கும் புரோப், பெரியவர்களுக்கு ஏறக்குறைய 2 முதல் 4 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலியை அனுப்புகிறது. அது சிவப்பணுக்களில் பட்டுத் திரும்புகிறது. சிவப்பணுக்கள் புரோப்பை நோக்கி வந்தால் திரும்பும் ஒலியின் அதிர்வெண் சற்றுக் கூடும், விலகிப் போனால் குறையும். கிறிஸ்டியன் டாப்ளர் 1842-ல் விண்மீன்களின் ஒளியை வைத்துச் சொன்ன விதிதான் இது. 1950-களில் ஜப்பானில் ஷிகியோ சடோமுரா இதை இதயத்தின் மீது செய்து காட்டினார்.

ஒரு கணக்குப் போட்டால் தெளிவாகும். உடல் திசுவில் ஒலி விநாடிக்கு 1,540 மீட்டர் போகிறது. 2.5 மெகாஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, ரத்தம் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நேராக நம்மை நோக்கி வந்தால், அதிர்வெண் மாற்றம் சுமார் 3,250 ஹெர்ட்ஸ். இது நம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள்தான் இருக்கிறது. எக்கோ அறையில் கேட்கும் அந்த ‘உஷ்... உஷ்’ சத்தம் இதயத் துடிப்பின் ஓசை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது இந்த அதிர்வெண் மாற்றத்தை ஸ்பீக்கர் வழியாகக் கேட்பதுதான். அனுபவமுள்ள டெக்னீஷியன் திரையைப் பார்ப்பதற்கு முன்பே, ஒலி கூர்மையாகும் இடத்தில் கையை நிறுத்திவிடுவார்.

இதில் ஒரு பலவீனம் உண்டு. ஒலிக்கற்றையின் திசையில் நடக்கும் அசைவை மட்டும்தான் எந்திரம் அளக்கும். ரத்தம் 20 டிகிரி சாய்வாகப் போனால் வேகம் 6 சதவீதம் குறைத்துக் காட்டப்படும். 30 டிகிரியில் 13 சதவீதம், 60 டிகிரியில் பாதி. செங்குத்தாகக் குறுக்கே ஓடினால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. கழுத்துத் தமனியில் செய்வதுபோல எந்திரத்தில் ‘ஆங்கிள் கரெக்‌ஷன்’ போட்டுச் சரிசெய்வதை இதயத்தில் தவிர்க்க வேண்டும். திரையில் தெரிவது ஒரு தளம் மட்டும்தான். பீச்சும் ரத்தத் தாரை அந்தத் தளத்தைவிட்டு எந்தப் பக்கம் விலகிப் போகிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கேள்வி: கலர் டாப்ளரில் சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம் என்கிறார்களே?

பதில்: இல்லை. புரோப்பை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம், அவ்வளவுதான். இடது கீழறையிலிருந்து மகாதமனிக்குப் போகும் அதே ரத்தம், இதயத்தின் நுனிப்பகுதியிலிருந்து பார்த்தால் நீலமாகவும், கழுத்துக் குழியிலிருந்து பார்த்தால் சிவப்பாகவும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே சீரான ஓட்டத்தின் நடுவிலேயே சிவப்பு திடீரென்று நீலமாக மாறுவதைப் பார்க்கலாம். ரத்தம் திரும்பி ஓடுகிறது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எந்திரம் ஓர் ஒலித்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்ப முடியும். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்வர 195 மைக்ரோவிநாடி ஆகிறது. ஆகவே விநாடிக்குச் சுமார் 5,100 துடிப்புகள்தான் அனுப்பலாம். 2.5 மெகாஹெர்ட்ஸில் இதனால் அளக்கக்கூடிய உச்ச வேகம் விநாடிக்குச் சுமார் 80 சென்டிமீட்டர். இந்த எல்லைக்கு நைக்விஸ்ட் எல்லை என்று பெயர். அதைத் தாண்டும் வேகத்தை எந்திரம் எதிர்த்திசை ஓட்டமாகத் தவறாகப் படிக்கிறது. சினிமாவில் வேகமாகச் சுழலும் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தெரியுமே, அதேதான்.

கலர் பெட்டியின் அளவுகோலை விநாடிக்கு 50–70 சென்டிமீட்டருக்குள் வைத்துத்தான் வால்வுக் கசிவைப் பார்க்க வேண்டும். அதை 30-க்குக் குறைத்தால் சிறு கசிவுகூடப் பெரிய தீ போலத் தெரியும். கலர் கெயினை, அதாவது நிறத்தைப் பெருக்கிக் காட்டும் அளவை, திசுவின் மேல் புள்ளிகள் சிதற ஆரம்பிக்கும்வரை ஏற்றி, அவை மறையும் இடத்துக்கு இறக்கி நிறுத்த வேண்டும். நிறத்தின் பரப்பை மட்டும் பார்த்துக் கசிவின் தீவிரத்தை எழுதுவது ஆபத்தான பழக்கம்.

கேள்வி: ‘மகாதமனி வால்வில் உச்ச அழுத்த வேறுபாடு 64, சராசரி 40’ என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஊசியோ குழாயோ நுழைக்காமல் அழுத்தத்தை எப்படி அளந்தார்கள்?

பதில்: அளந்தது வேகத்தை, அதுவும் மேலே சொன்ன நைக்விஸ்ட் எல்லை இல்லாத, இடைவிடாமல் ஒலி அனுப்பும் டாப்ளரில். அழுத்தம் கணக்கில் வந்தது. குறுகிய வாசல் வழியாக ரத்தத்தைத் தள்ள எவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டதோ அதற்கேற்ப வேகம் கூடும். வேகத்தை விநாடிக்கு மீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 4-ஆல் பெருக்கினால் மி.மீ. பாதரச அளவில் அழுத்த வேறுபாடு கிடைக்கும். 3 மீட்டர் என்றால் 36, 4 மீட்டர் என்றால் 64, 5 மீட்டர் என்றால் 100. பெர்னூலி விதியைச் சுருக்கி இப்படிப் பயன்படுத்தலாம் என்பதை 1970-களில் நார்வேயில் யார்லே ஹோலன், லிவ் ஹாட்லே ஆகியோர் நிறுவினார்கள். அதன் பிறகு வால்வு நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அழுத்தத்தை அறிவதற்கென்றே குழாய் நுழைக்கும் தேவை போய்விட்டது.

உச்ச வேகம் 4 மீட்டர் அல்லது அதற்கு மேல், சராசரி வேறுபாடு 40 அல்லது அதற்கு மேல் என்றால் வால்வுச் சுருக்கம் கடுமையானது. உங்கள் எண்கள் சரியாக அந்த எல்லைக் கோட்டின் மேல் நிற்கின்றன. அதனால்தான் அளந்த விதம் முக்கியமாகிறது. வேகம் வர்க்கமாவதால் பிழையும் பெருகும். உண்மையான வேகம் 4 மீட்டராக இருந்து, கற்றை 30 டிகிரி சாய்ந்துவிட்டால் 3.46 மீட்டர்தான் பதிவாகும். 64-க்குப் பதில் 48 என்று ரிப்போர்ட் வரும். கடுமையான நோய் ‘மிதமானது’ ஆகிவிடும்.

இதற்கு ஒரே மருந்து, பல இடங்களிலிருந்து தேடுவது. நுனிப்பகுதியில் ஒருமுறை பார்த்துவிட்டு முடிக்கக் கூடாது. நோயாளியை வலப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்து மார்பெலும்பின் வலது ஓரத்திலிருந்தும், கழுத்துக் குழியிலிருந்தும், விலா எலும்புகளுக்குக் கீழிருந்தும் பார்க்க வேண்டும். படம் காட்டாத, பென்சில் போன்ற சிறிய புரோப் இதற்கென்றே இருக்கிறது. பல ஆய்வகங்களில் அது மேசை இழுப்பறையில் கிடப்பது வருத்தமான விஷயம். எல்லா இடங்களிலும் கிடைத்த வேகங்களைச் சராசரி எடுக்கக் கூடாது, மிக உயர்ந்ததையே எழுத வேண்டும். எந்த இடத்தில் கிடைத்தது என்பதையும் எழுதினால், அடுத்த முறை எடுப்பவர் அதே இடத்துக்கு நேராகப் போவார்.

உயர்ந்ததை எடுக்கும்போது ஒரு பொறி உண்டு. இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு கசிந்தால், அந்தத் தாரையும் அதே பக்கம்தான் ஓடுகிறது. அதைத் தவறுதலாகப் பிடித்துவிட்டால் வேகம் 5 மீட்டர், 6 மீட்டர் என்று வரும். மைட்ரல் தாரை சீக்கிரம் தொடங்கித் தாமதமாக முடியும், மகாதமனித் தாரை வால்வு திறந்த பிறகுதான் தொடங்கும். ஈ.சி.ஜி. கோட்டோடு ஒப்பிட்டால் பிடிபட்டுவிடும். கெயினை அளவுக்கு மேல் ஏற்றினால் அலையின் விளிம்பில் தாடிபோல் மெல்லிய புகை தொங்கும். அதன் நுனியை அளக்காமல், அடர்த்தியான விளிம்பை அளக்க வேண்டும்.

கேள்வி: எக்கோ டெக்னீஷியனாக இருக்கிறேன். ஒரு துடிப்புக்கு வெளியேறும் ரத்த அளவை எல்.வி.ஓ.டி. முறையில் கணக்கிட்டால் ஒரே நோயாளிக்கு ஒருமுறை 50 மில்லி, இன்னொரு முறை 65 மில்லி வருகிறது. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் விட்டத்தில்தான். கணக்கு எளிது: மகாதமனி வால்வுக்குச் சற்றுக் கீழேயுள்ள, இடது கீழறையின் வெளிவாசலின் (எல்.வி.ஓ.டி.) பரப்பு, அதை ஒரு துடிப்பில் ரத்தம் கடக்கும் தூரம், இரண்டையும் பெருக்கினால் கன அளவு. விட்டம் 2.0 செ.மீ. என்றால் பரப்பு 3.14 சதுர செ.மீ. தூரம், அதாவது வி.டி.ஐ., 20 செ.மீ. என்றால் 63 மில்லி. துடிப்பு 70 என்றால் நிமிடத்துக்கு 4.4 லிட்டர்.

இப்போது விட்டத்தை 1.8 என்று எடுத்துப் பாருங்கள். பரப்பு 2.54 ஆகிவிடும், கன அளவு 51 மில்லி ஆகும். வெறும் 2 மில்லிமீட்டர் தவறியதற்கு 19 சதவீதம் போய்விட்டது. உங்கள் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை இது ஒன்றே ஏறக்குறைய விளக்கிவிடுகிறது.

விட்டத்தை எடுக்கும் முறை இது. மார்பெலும்பின் இடது ஓரத்து நீள்வெட்டுப் படத்தில், வெளிவாசலை மட்டும் பெரிதாக்குங்கள். வால்வு இதழ்கள் அதிகம் திறந்திருக்கும் நேரத்தில், அதாவது கீழறை சுருங்குவதன் நடுக்கட்டத்தில், நிறுத்துங்கள். உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புவரை, மகாதமனியின் அச்சுக்குச் செங்குத்தாக அளங்கள். மூன்று துடிப்புகளில் எடுத்து, பெரிய அளவை நம்புங்கள். படத்தளம் வட்டத்தின் மையத்தைத் தவறவிட்டால் விட்டம் குறைந்துதான் வருமே தவிரக் கூடாது. இடைச்சுவர் தடித்துப் புடைத்திருந்தால் அந்தப் புடைப்பின் மேல் அளக்காமல் வால்வு வளையத்தை ஒட்டி அளங்கள்.

வி.டி.ஐ. எடுக்கும்போது நுனியிலிருந்து ஐந்து அறைப் படம் (நான்கு அறைகளோடு மகாதமனி வாசலும் தெரியும் படம்) வைத்து, ஓரிடத்தின் வேகத்தை மட்டும் அளக்கும் பல்ஸ்டு டாப்ளரின் மாதிரிப் பெட்டியை வால்வுக்கு மிக அருகில் கொண்டுபோய், வேகம் திடீரென எகிறும் இடத்திலிருந்து அரை செ.மீ. போல் பின்வாங்குங்கள். விளிம்பு கூர்மையாகவும் உள்ளே வெறுமையாகவும் இருக்கும் அலைதான் நல்ல அலை. உள்ளே நிரம்பியிருந்தால் வால்வை நோக்கி வேகமெடுக்கும் பகுதிக்குள் போய்விட்டீர்கள். விட்டம் எடுத்த இடமும் பெட்டி வைத்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். திரை ஓட்டத்தை விநாடிக்கு 100 மி.மீ. வைத்துக்கொண்டால் கோடு வரைவது எளிது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு பிழை மிஞ்சும். வெளிவாசல் வட்டமில்லை, நீள்வட்டம். சி.டி. படங்கள் இதைத் தெளிவாகக் காட்டிவிட்டன. எக்கோவில் நாம் அளப்பது பெரும்பாலும் அதன் சிறிய குறுக்களவை. ஆகவே இந்த முறை கொஞ்சம் குறைத்தே சொல்லும். ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்க்கும்போது விட்டத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, வி.டி.ஐ.யின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கவனிப்பது புத்திசாலித்தனம். பெரியவர்களின் விட்டம் மாதக்கணக்கில் மாறாது, ஓட்டம்தான் மாறும்.

கேள்வி: நாடித் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு எந்தத் துடிப்பை அளப்பது?

பதில்: ஒன்றை அளந்தால் போதாது. மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் முந்தைய இடைவெளி நீண்டால் அறை அதிகம் நிறைந்து அடுத்த துடிப்பில் வேகம் கூடும், குறுகினால் குறையும். குறைந்தது ஐந்து துடிப்புகளின் சராசரி எடுங்கள். கூடுதல் துடிப்பு ஒன்று விழுந்தால், அதையும் அதற்கு அடுத்ததையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மைட்ரல் வால்வுக் கசிவு ஓரிடத்தில் ‘மிதமானது’, இரண்டு மாதம் கழித்து இன்னோரிடத்தில் ‘கடுமையானது’ என்று வந்திருக்கிறது. யாரை நம்புவது?

பதில்: இரண்டும் அந்தந்த நாளுக்கு உண்மையாக இருக்கலாம். கீழறையின் அழுத்தம்தான் ரத்தத்தை மேலறைக்குள் பின்னோக்கித் தள்ளுகிறது. சோதனையின்போது ரத்த அழுத்தம் 110 இருந்த நாளும் 170 இருந்த நாளும் ஒன்றாகாது. எக்கோ ரிப்போர்ட்டில் ரத்த அழுத்தம் எழுதப்படாவிட்டால் அந்தக் கசிவின் எண் பாதி எண்தான். கேட்டு எழுதவையுங்கள்.

கணக்கு எங்கே வழுக்கும் என்பதையும் சொல்கிறோம். சிறு துளையை நோக்கி ரத்தம் நெருங்கும்போது, துளைக்கு முன்னால் அரைக்கோளம் அரைக்கோளமாக வேகம் கூடிக்கொண்டே போகிறது. கலர் அளவுகோலின் அடித்தளத்தை, கசிவு ஓடும் திசையில் 40 செ.மீ. அளவுக்கு நகர்த்தினால், அந்த வேகத்தில் நிறம் மாறி ஓர் அரைக்கோளம் தெளிவாகத் தெரியும். அதன் ஆரம் 0.9 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அரைக்கோளப் பரப்பு 5.09 சதுர செ.மீ., அதை 40-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 204 மில்லி. தாரையின் உச்ச வேகம் 500 செ.மீ. என்றால் துளையின் பயன்பரப்பு 0.41 சதுர செ.மீ. தாரையின் வி.டி.ஐ. 150 செ.மீ. என்றால் ஒரு துடிப்பில் கசிவது 61 மில்லி. 0.4 சதுர செ.மீ., 60 மில்லி ஆகியவைதான் கடுமை என்பதற்கான வழக்கமான எல்லைகள்.

ஆரத்தை ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைத்து 0.8 என்று எடுத்தால் பரப்பு 0.32 ஆகிவிடும். ஒரு மில்லிமீட்டரில் நோயின் பெயரே மாறுகிறது. இதழ் பின்னோக்கிச் சரிந்த நோயாளிகளில் கசிவு, கீழறை சுருங்கும் நேரத்தின் பிற்பாதியில் மட்டும் நடக்கும். அவர்களுக்கு ஒரே கணத்தின் படத்தில் எடுத்த ஆரத்தை வைத்து முழுத் துடிப்புக்கும் கணக்குப் போட்டால் கசிவு மிகைப்பட்டுவிடும். துளை வட்டமாக இல்லாமல் பிளவுபோல் நீண்டிருந்தால், இதயம் விரிந்து ஏற்பட்ட கசிவுகளில் இது சகஜம், அரைக்கோளக் கணக்கு குறைத்துச் சொல்லும். ஆகவே இந்த எண்ணோடு நுரையீரல் சிரைகளில் ரத்தம் பின்னோக்கிப் போகிறதா, மேலறையும் கீழறையும் விரிந்திருக்கின்றனவா என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முரண்பட்டால் எம்.ஆர்.ஐ. கேட்பது நியாயமான அடுத்த படி.

கேள்வி: எம்.ஆர்.ஐ. ரத்த ஓட்டத்தை எப்படி அளக்கிறது? அது எக்கோவைவிடத் துல்லியமா?

பதில்: கன அளவில் எம்.ஆர்.ஐ. மேல், உச்ச வேகத்தில் எக்கோ மேல்.

காந்தப்புலத்தில் ஒரு சரிவை ஏற்படுத்தி, உடனே அதற்கு நேரெதிரான சரிவையும் ஏற்படுத்துகிறார்கள். அசையாத திசுவில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். நகரும் ரத்தத்தில் அழியாமல், சிக்னலில் ஓர் அலைக்கட்ட (ஃபேஸ்) வித்தியாசம் மிஞ்சும். அது வேகத்துக்கு நேர்விகிதம். ஃபேஸ் கான்ட்ராஸ்ட் என்று இதற்குப் பெயர். பரப்பும் வேகமும் ஒரே படத்தில், ஒவ்வொரு புள்ளியிலும் கிடைப்பதால் விட்டத்தை ஊகித்து வட்டமென்று வைத்துக்கொள்ளும் தேவை இல்லை. இதற்கு மருந்து ஊசியும் கட்டாயமில்லை.

மகாதமனியில் எடுக்கும்போது, இரண்டு நீள்வெட்டுப் படங்களிலும் தமனிக்குச் செங்குத்தாக இருக்கும்படி தளத்தை வைக்க வேண்டும். குறுக்கே குறைந்தது நான்கைந்து படப்புள்ளிகளாவது விழ வேண்டும். ஒரு துடிப்பை 20 முதல் 30 கட்டங்களாகப் பிரித்தால் போதும். அடுத்தது வெங்க் என்று எல்லாரும் சொல்லும் வேக எல்லை. சாதாரண மகாதமனிக்கு விநாடிக்கு 150 செ.மீ., சுருங்கிய வால்வுக்கு 400-க்கும் மேல். எதிர்பார்க்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் தமனியின் நடுவில் கறுப்பும் வெள்ளையும் புரண்டு தெரியும். பயந்துபோய் மிக அதிகமாக வைத்தால் இரைச்சல் கூடி, மெதுவான ஓட்டம் அதில் மூழ்கிவிடும். கட்டத்துக்குக் கட்டம் எல்லைக் கோட்டைத் திருத்தி வரைய வேண்டும், தமனி துடிக்கும்போது இடம் மாறும்.

யாரும் எளிதில் கவனிக்காத பிழை ஒன்று இருக்கிறது. அசையாத திசுவும் சிறிது நகர்வதுபோல எந்திரம் காட்டும் பின்னணி வழுதான் அது. 1 செ.மீ. வேகம் என்பது கண்ணுக்கே தெரியாது. ஆனால் 7 சதுர செ.மீ. பரப்புள்ள மகாதமனியில், ஒரு விநாடி நீளும் துடிப்பில், அது 7 மில்லி ஆகிவிடும். 70 மில்லியில் பத்தில் ஒரு பங்கு. கசிவைத் தேடும் நேரத்தில் இல்லாத கசிவை உண்டாக்கவும் இருக்கும் கசிவை மறைக்கவும் இது போதும். அளக்கும் இடத்தைக் காந்தத்தின் மையத்துக்குக் கொண்டுவருவது, திருத்தும் மென்பொருளைப் போடுவது, சந்தேகம் வந்தால் அசையாத ஜெல் பாத்திரத்தை அதே அமைப்பில் எடுத்துக் கழிப்பது ஆகியவை தீர்வுகள்.

மைட்ரல் கசிவை இப்படி நேராகப் பிடிப்பதில்லை. கீழறை ஒரு துடிப்பில் சுருங்கித் தள்ளிய அளவை, இதயம் அசைவதைக் காட்டும் சினிப் படங்களில் எடுத்து, மகாதமனியில் முன்னோக்கிப் போனதைக் கழிக்கிறார்கள். 110 தள்ளி 65 போனால் 45 மில்லி பின்னால் கசிந்திருக்கிறது, அதாவது 41 சதவீதம். அங்கும் எச்சரிக்கை தேவை. இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம் என்பதால் ஒவ்வொன்றிலும் உள்ள 5 மில்லிப் பிழை இதில் வந்து சேரும்.

கேள்வி: இதய அறைகளுக்கு இடையே துவாரம் இருக்கிறது. ‘1.7’ என்று ஒரு விகிதம் எழுதியிருக்கிறார்கள். அது என்ன?

பதில்: நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தை, உடலுக்குப் போகும் ரத்தத்தால் வகுத்தது. நுரையீரல் தமனியில் துடிப்புக்கு 120 மில்லி, மகாதமனியில் 70 மில்லி என்றால் விகிதம் 1.7. துவாரம் இல்லாதவர்களுக்கு இது 1-ஐ ஒட்டி இருக்கும். 1.5-ஐத் தாண்டினால், வலது பக்க அறைகளும் விரிந்திருந்தால், அடைப்பதைப் பற்றி மருத்துவர் பேசுவார். நுரையீரல் அழுத்தத்தையும் பார்த்துத்தான் முடிவு. எக்கோவிலும் இதைக் கணக்கிடலாம், ஆனால் இரண்டு விட்டங்களின் பிழையும் சேர்ந்துகொள்ளும். நுரையீரல் தமனியின் விளிம்பு பெரியவர்களில் மங்கலாகவே தெரியும். எல்லைக்கோட்டு எண் என்றால் எம்.ஆர்.ஐ.யின் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘4டி ஃப்ளோ’ எம்.ஆர்.ஐ. படங்களில் இதயத்துக்குள் வண்ணக் கோடுகள் சுழல்கின்றன. அவை உண்மையிலேயே ரத்தம் போகும் பாதையா?

பதில்: மூன்று திசைகளிலும் வேகத்தை அளந்து, அந்த வேகங்களிலிருந்து கணினி வரைந்த பாதை. பெரும்பாலும் உண்மைக்கு நெருக்கமானது. ஆனால் ஒரு துடிப்பின் படம் என்று நினைக்க வேண்டாம். 5 முதல் 15 நிமிடம்வரை நூற்றுக்கணக்கான துடிப்புகளில் சேகரித்ததைச் சேர்த்துக் கோத்தது. துடிப்பு ஒழுங்கற்றிருந்தால் எல்லாம் மங்கிவிடும். படப்புள்ளி 2–3 மில்லிமீட்டர், ஒரு கட்டம் 30–50 மில்லிவிநாடி. ஆகவே மெல்லிய, வேகமான தாரையின் உச்சம் இதில் மழுங்கித்தான் வரும்.

இதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது. மைட்ரல் வால்வைத் தாண்டி வரும் ரத்தம் இடது கீழறையில் புகைவளையம்போல் ஒரு சுழலாகச் சுருண்டு, வெளிவாசலை நோக்கித் திரும்புவதை முழுதாகக் காட்டுகிறது. ஆரோக்கியமான இதயத்தில் உள்ளே வரும் ரத்தத்தின் ஒரு பகுதி அதே துடிப்பிலேயே வெளியேறிவிடும், மீதி ஒன்றிரண்டு துடிப்புகள் தங்கிப் போகும். விரிந்து பலவீனமான இதயத்தில் நேரடியாக வெளியேறும் பங்கு குறைந்து, தங்கிக் கிடக்கும் பங்கு கூடுகிறது. மகாதமனி வேர்ப்பைகளில் உருவாகும் சுழல்களை லியனார்டோ டா வின்சி 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வரைந்து, வால்வு மூடுவதற்கு அவை உதவுகின்றன என்று எழுதிவைத்தார். இன்றைய ஸ்கேன்கள் அந்தச் சுழல்களை உயிருள்ள மனிதரிடம் காட்டுகின்றன.

எல்லாத் தமனிகளையும் ஒரே தொகுப்பாக எடுத்துவிடுவதால், ஸ்கேன் முடிந்த பிறகுகூட எந்த இடத்திலும் தளத்தை வைத்து அளக்கலாம். பிறவி இதயக் கோளாறுகளுக்கு இது பெரிய வரம். நுரையீரலுக்குப் போனதும் திரும்பி வந்ததும் பொருந்துகின்றனவா என்று உள்ளுக்குள்ளேயே சரிபார்த்துக்கொள்ளலாம். பொருந்தாவிட்டால், நோயைத் தேடுவதற்கு முன் பின்னணி வழுவைத் தேடுங்கள்.

கேள்வி: சி.டி. ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரியாதா?

பதில்: சி.டி. வடிவத்தைக் காட்டும், வேகத்தை நேரடியாக அளக்காது. சி.டி. படத்திலிருந்து இதயத் தமனி அடைப்பின் அழுத்த இழப்பைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. அது அந்த வடிவத்தின் மேல் கணினி செய்யும் திரவ ஓட்டக் கணக்கு.

கேள்வி: தொண்டை வழியாக எக்கோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். நெஞ்சில் எடுத்தால் போதாதா?

பதில்: இடது மேலறையின் ஓரத்தில் விரல் போன்ற ஒரு சிறு பை இருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இரத்தக்கட்டி பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறது. நெஞ்சிலிருந்து பார்த்தால் அது வெகு ஆழம். உணவுக்குழாய் மேலறையின் பின்சுவரை ஒட்டியே போவதால், அங்கிருந்து பார்த்தால் மிகத் தெளிவு. பைக்குள் சுமார் 1 செ.மீ. தள்ளி மாதிரிப் பெட்டியை வைத்து, ரத்தம் வெளியேறும் வேகத்தை அளக்கிறார்கள். விநாடிக்கு 40 செ.மீ.க்கு மேல் என்றால் நல்லது. 20-க்குக் கீழ் என்றால் ரத்தம் தேங்குகிறது, கட்டி உருவாகும் வாய்ப்பு அதிகம். தேங்கிய ரத்தம் திரையில் சுழலும் புகைபோல் தெரியும். கெயினைக் குறைத்தால் மறைந்துவிடும் புகையை நம்ப வேண்டாம்.

சோதனைக்கு முன் வழக்கமாக 6 மணி நேரம் திட உணவு கூடாது. விழுங்குவதில் சிரமம், உணவுக்குழாயில் முன்பு செய்த சிகிச்சை, ரத்த வாந்தி ஆகியவை இருந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதைச் சொல்லாமல் விடுவதுதான் இந்தச் சோதனையில் நேரும் அரிதான, ஆனால் கடுமையான காயத்துக்கு வழிவிடுகிறது. பல் செட் கட்டியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: மகாதமனி வால்வின் பரப்பு 0.8 சதுர செ.மீ. என்கிறது ரிப்போர்ட், அது கடுமை. ஆனால் சராசரி அழுத்த வேறுபாடு 28 மட்டுமே, அது கடுமை இல்லை. எது சரி?

பதில்: முதலில் அளவீட்டைச் சந்தேகியுங்கள். வால்வின் பரப்பு, வெளிவாசலில் போன கன அளவை வால்வின் வி.டி.ஐ.யால் வகுத்து வருவது. மேலே சொன்ன விட்டப் பிழை அப்படியே இங்கும் வந்து சேரும். வெளிவாசல் 2.2 செ.மீ. இருப்பவருக்கு 2.0 என்று அளந்திருந்தால், உண்மையில் 0.97 இருந்த பரப்பு 0.8 ஆகியிருக்கும். விட்டம் பார்க்கச் சின்னதாக இருந்தால் சி.டி. அல்லது தொண்டை வழி எக்கோவில் சரிபாருங்கள். கூடவே வெளிவாசல் வி.டி.ஐ.யை வால்வு வி.டி.ஐ.யால் வகுத்துப் பாருங்கள். இதில் விட்டமே வராது. 0.25-க்குக் கீழ் என்றால் வால்வு உண்மையிலேயே கடுமையாகச் சுருங்கியிருக்கிறது.

அளவீடு சரி என்றால், ஓட்டம் குறைந்திருப்பதுதான் காரணமாக இருக்கும். தண்ணீர் வரத்தே குறைந்த குழாயில் முனையை எவ்வளவு அடைத்தாலும் பீச்சாதே, அதுபோல. உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் துடிப்புக்கு 35 மில்லிக்குக் கீழ் போனால் ஓட்டம் குறைவு. இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்திருந்தால், டோப்யூடமின் என்ற மருந்தைக் குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏற்றி, நிமிடத்துக்கு ஒரு கிலோ எடைக்கு 20 மைக்ரோகிராம்வரை கொடுத்துப் பார்ப்பார்கள். ஓட்டம் கூடும்போது அழுத்த வேறுபாடு 40-ஐத் தொட்டு, பரப்பு 1.0-க்குள்ளேயே நின்றால் வால்வுதான் குற்றவாளி. பரப்பு விரிந்து 1.0-ஐத் தாண்டினால், பலவீனமான இதயத்தால், கடுமையாகச் சுருங்காத வால்வைக்கூட முழுதாகத் திறக்க முடியவில்லை என்று பொருள். அப்போது வால்வை மாற்றுவதால் அந்தத் தசையின் பலவீனம் தீராது.

சுருங்கும் திறன் சரியாக இருந்தும் அறை சிறுத்து ஓட்டம் குறைந்தவர்களுக்கு இந்த மருந்துச் சோதனை அதிகம் உதவாது. அவர்களுக்கு மருந்து ஊசி இல்லாத சி.டி.யில் வால்வின் சுண்ணாம்புப் படிவை எண்ணிப் பார்க்கலாம். ஆண்களுக்கு 2,000 அலகு, பெண்களுக்கு 1,200 அலகு அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான சுருக்கமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். பெண்களின் எல்லை குறைவாக இருப்பதற்குக் காரணம், அவர்களது வால்வில் சுண்ணாம்பைவிட நார்த்திசு அதிகம் சேர்ந்து அதே சுருக்கத்தை உண்டாக்குவதுதான். ஆண்களுக்கான எல்லையைப் பெண்ணுக்கு வைத்துப் பார்த்து ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடும் தவறு நேரக்கூடாது. ரிப்போர்ட்டில் எந்த எல்லையை வைத்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.